நீ டீ வைத்த மேசை

அந்த ஆள் திரும்ப வந்திருக்கிறார். இன்று காலை செங்கம் ரோட்டில், நீ வேலை பார்த்த கஃபேயைத் தாண்டும்போது எலுமிச்சைப்புல் டீ கொதிக்கிற வாசனை அடித்தது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோர மேசை, வெள்ளை ஜிப்பா, கழுத்தில் தொங்கும் அதே அட்டை: ‘நான் மௌனத்தில் இருக்கிறேன்.’

உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் ‘விடு, ஆச்சு’ என்பார்கள். நீ போனதிலிருந்து எல்லாரும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

வெப்சைட்டுகளில் பாதுகாப்பு ஓட்டை தேடும், யாரும் திருத்தி அனுப்பக்கூடிய அந்தத் திறந்த மூல மென்பொருளைக் காலேஜில் படிக்கும்போதே நோண்ட ஆரம்பித்தோம். அத்தனை சோதனைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டும். ஒன்று தொங்கினால் மொத்தமும் தொங்கும். நான் திட்டிவிட்டு வேறு கருவிக்கு மாறினேன். நீ உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாய். ஒவ்வொரு சோதனையும் தனி மாட்யூல். வேண்டியபோது ஏற்றலாம், கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றிவிடலாம். அப்படி, ஓட்டும் பகுதியையே மாற்றி எழுதினாய். "ஒண்ணு செத்தாலும் மத்தது ஓடணும் மச்சி, அவ்ளோதான்" என்றாய். உன் காரியத்துக்கு வந்த நம் செட்டுக்காரன் ஒருவன் இதையே வாழ்க்கைத் தத்துவம் மாதிரி என்னிடம் எடுத்துவிட்டான். அது சாஃப்ட்வேருக்குச் சொன்னதுடா என்று எரிந்து விழுந்தேன்.

எழுதி அனுப்பினாய். படித்துப் பார்த்து, சரி என்று மென்பொருளில் சேர்க்கும் உரிமை ஒரே ஆளுக்கு. அவர் சேர்த்தால் உனக்கு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. "சேர்த்ததும் சொல்லுங்க, உடனே ஆர்டர் குடுத்துடறோம்" என்று அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு கம்பெனியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அடி அண்ணாமலையில் படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு நீ சென்னைக்கோ பெங்களூருக்கோ போக முடியாது. அதுவரைக்கும் என்று கஃபேயில் சேர்ந்தாய். மாதங்கள் போயின. மென்பொருளின் இணையப் பக்கத்தில் அவருடைய அறிவிப்பு மட்டும் இருந்தது: இந்தியாவில், ஒரு மலையடிவாரத்தில், மௌனத்தில் இருக்கிறேன், திரும்பியதும் பார்க்கிறேன்.

அந்த மலை நம் மலை. அந்த அறிவிப்பில் இருந்த போட்டோவும், நீ தினமும் டீ கொண்டுபோய் வைத்த முகமும் ஒன்று.

இதை என்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போய்ச் சொல்லுடா. ஒரு நிமிஷ வேலை."

"அவரு பேச மாட்டாருடா."

"படிப்பாரு இல்ல? கப்புக்கு அடியில சீட்டு எழுதி வை."

"வேணாம்."

"ஏன், மௌனம் கலைஞ்சா சாமி கண்ணைக் குத்திடுமா?"

"அதில்ல மச்சி. நான் எழுதினதைப் பார்த்து அவரு சரின்னு சொல்லணும். டீ குடுக்கற பையன், பாவம்னு சொல்லிடக் கூடாது. அது எனக்கு ஒட்டாது."

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நானே போய் அவர் எதிரில் நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அட்டையைத் தொட்டுக் காட்டினார், கை கூப்பினார், கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி வாயைத் திறப்பதற்குள் நீ என் காலரைப் பிடித்துக் கிச்சனுக்குள் இழுத்துப் போய்விட்டாய்.

"இன்னொரு வாட்டி வந்தீனா உன்கூடப் பேச மாட்டேன். நானும் ஒரு அட்டை மாட்டிக்குவேன்."

சமையல் செய்துகொண்டிருந்த அக்கா சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த மழையில் உனக்கு டெங்கு. வேலூருக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் உன் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை இப்போது உன் அக்கா செய்யாறுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஊர் திரும்பி, மௌனம் முடித்து, நீ எழுதியதைச் சேர்த்துவிட்டார். கீழே ஒரு குறிப்பு: இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை, எங்கள் குழுவில் சேர்கிறீர்களா, நீங்கள் எந்த ஊர்? ஒரு வரி மாற்றச் சொல்லவில்லை. நீ கேட்ட சரி, நீ கேட்ட மாதிரியே வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பதில் எழுதும் இடத்தில் ‘தினமும் உங்களுக்கு டீ வைத்தவன்’ என்று தட்டினேன். படிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன், இனித்தது. அப்புறம் அழித்தேன். எழுதியவர் இறந்துவிட்டார், அவர் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று போட்டேன். ஒரு இதயக் குறி வந்தது. அவ்வளவுதான்.

இன்று உள்ளே போய் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தேன். "இன்னாப்பா, ஆளையே காணோம்" என்று சமையல் அக்கா எனக்கு ஒரு டீயும் அவருக்கு ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். அவர் அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். உனக்கும் இப்படித்தான் தினமும் கூப்பியிருப்பார். "இவரைத்தான அவன் அந்தத் தாங்கு தாங்குவான்?" என்று அக்கா என் காதோரம் கேட்டார்.

"ஆமாக்கா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அன்று தட்டி அழித்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். மௌனம் அவர் வாய்க்குத்தான், காது நன்றாகவே கேட்கும். உன் பிடிவாதம் முட்டாள்தனம் என்று இப்போதும் சொல்வேன். ஆனாலும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் தன் அட்டையை விமானம் ஏறும்போது கழற்றிவிடுவார். நீ எனக்கு மாட்டிவிட்டுப் போனதை நான் எப்போதுடா கழற்றுவது?