செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்து

இயேசு மரி சூசை துணை

விழுப்புரம்
26-11-61, ஞாயிறு

அன்பு மகன் அடைக்கலராஜுக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், திண்டிவனத்தில் உன் தங்கை லூர்துசெல்வியும் சுகம். நீயும் பம்பாயில் சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை நம்பிவிடலாம் என்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன், முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே அடைமழை. முண்டியம்பாக்கம் பக்கம் லைனை ஒட்டித் தண்ணீர் நிற்கிறது, இரண்டு நாளாக வண்டிகள் எல்லாம் தவழ்ந்துதான் வருகின்றன, சிக்னல் கேபினில் லீவர் இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. லூர்துசெல்வி பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டார்கள், நேற்று இங்கே வந்திருந்தாள். அவள் இருக்கும்போதுதான் நீ 22ஆம் தேதி எழுதிய கவர் வந்தது. என் கையிலிருந்து பிடுங்கி மனசுக்குள்ளேயே ஒரே மூச்சில் படித்துவிட்டு, அண்ணன் எழுதறதப் பாத்தா ஒரு ரூபாய கையில வச்சிக்கினு பம்பாய் பூரா பாத்துடலாம் போல கீதுப்பா, கிறிஸ்துமஸ் லீவுல நானும் போறேன் என்று குதித்தாள். சர்ச்கேட்டில் இறங்கினால் எந்தத் தெரு வழியாகக் கடலுக்குப் போகலாம், மெரின் டிரைவ் சுவரில் எந்தப் பக்கம் நிழல் விழும், பெரிய ஓட்டல் வாசலில் எங்கே நின்றால் உள்ளே வாசிக்கும் பாண்டு வாத்தியம் இனாமாகக் கேட்கும், ஈரானி கடையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேப்பர் படிக்கலாம், ஃபுளோரா பவுண்டனில் நடைபாதைப் புத்தகக்காரன் எத்தனை பக்கம் வரை புரட்ட விடுவான், எல்லாவற்றையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரையில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டைக் கடலையே தாராளம் என்று நீ எழுதிய இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் மெஸ் சாப்பாட்டில் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று குறை சொல்லி எழுதியவன் நீ.

ராஜு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. கேபினில் ஒரு வண்டி கடந்தால் கிழமை, மணி, நிமிஷம் எழுதாமல் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக அதைச் செய்து செய்து வீட்டிலும் அதே பேச்சு, காய்ச்சல் வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, பால்காரி வந்தால் எத்தனை மணிக்கு வந்தாள் என்று உங்கள் இரண்டு பேரையும் படுத்தி எடுத்தேன். எட்டாம் வகுப்பில் மாலைக் காட்சி என்று கட்டுரை எழுதச் சொன்னபோது 5.52க்கு சூரியன் மறைந்தது என்று எழுதி வாத்தியாரிடம் ஏச்சு வாங்கினாய், ஞாபகம் இருக்கும். ஒன்றை மறைத்து எழுத நினைத்தவன் நேரத்தை விட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். உனக்கு அது கை வரவில்லை, நான் பழக்கிவிட்ட பழக்கம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்த மாதத்தில் நீ எழுதிய மூன்று கடிதங்களையும் மேஜை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் 7ஆம் தேதி காலை பத்தரைக்குக் கடல் சுவரில் உட்கார்ந்திருந்தாய், தீபாவளி சமயம், லீவு விட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்ததில் 16ஆம் தேதி வியாழன் பிற்பகல் 3.25க்கு ஈரானி கடை. நேற்று வந்ததில் 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை 11.10க்கு ஒரு சித்திரக் காட்சி மண்டபத்துக்குள் போயிருக்கிறாய், அப்போதுதான் கதவைத் திறந்தார்கள், நான்தான் முதல் ஆள், டிக்கெட் கிடையாது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, யாரும் போ என்று சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். கம்பெனியில் ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், மத்தியானம் அரைமணிதான் விடுவார்கள், ஐந்தரைக்கு முன் தலையைத் தூக்க முடியாது என்று ஆடி மாதம் எழுதியவனும் நீதான். ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம், ஆபீஸ் வேலையாக வெளியே அனுப்பியிருக்கலாம் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆபீஸ் வேலையாக வெளியே போகிறவன் படம் பார்க்க முதல் ஆளாக வாசலில் நிற்பானா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதே. முன்பெல்லாம் என் வாட்சில் இத்தனை மணி, ஸ்டேஷன் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று பெருமையாக எழுதுவாய். இப்போது எல்லா மணியும் டவர் கடிகாரத்தில் பார்த்தது, ஈரானி கடைச் சுவரில் பார்த்தது. உன் வாட்ச் எங்கே? மணியார்டர் மட்டும் மாதம் தவறாமல் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இதில் உன் அம்மாவிடம் நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்ல வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் சத்தம்போட்டுப் படித்துக் காட்டுவேன். வியாழன், செவ்வாய் என்று வந்த இடத்தில் எல்லாம், தீபாவளி சமயக் கடிதத்தில்கூட, வேலை நாளில் வெளியே சுற்றுகிறானே என்று அவள் பயந்துவிடுவாளே என்று ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றிப் படித்தேன். நல்லது செய்ததாக நினைத்தேன். இரண்டாவது கடிதம் படித்து முடித்ததும் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஏங்க, ஞாயித்துக்கெழம காலைல கடலோரம், மத்தியானம் டீக்கடை, அவன் பூசைக்கே போவறதில்லையா, பம்பாய்க்குப் போயி வேதத்த மறந்துட்டானா என்று கேட்டாள். இல்லை, அதிகாலைப் பூசைக்குப் போயிருப்பான் என்றேன். அப்ப ஏன் அத எழுதல, எல்லாத்துக்கும் மணி போடறவன் பூசைக்கு மட்டும் மணி போட மறந்துட்டானா என்று திருப்பிக் கேட்டாள். நேற்று லூர்துசெல்வி கையிலிருந்து கடிதத்தைத் திரும்ப வாங்கி நானே படிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது, அதையும் ஞாயிறு என்றுதான் படித்தேன், மாற்ற முடியுமா? இன்றைக்குப் பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் போய்த் தன் பிள்ளைக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லியிருக்கிறாள். வில்லியனூர் மாதாவுக்கு உன் உயரத்துக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டிருக்கிறாள். உன் வயிற்றை நினைத்து நானும் உன் ஆத்துமத்தை நினைத்து அவளுமாக இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, ஒருவர் பயத்தை மற்றவருக்குச் சொல்ல முடியாமல் கிடக்கிறோம்.

வேலை போய்விட்டது என்றால் போய்விட்டது, ராஜு. நீ திருடவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. வேலை போனதைவிட நீ காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவன் மாதிரி கிளம்பி, பணக்காரர்கள் தெருவில் யாரும் விரட்டாத இடம் எது, நிழல் எது, ஃபேன் எது என்று தேடித் தேடிப் பொழுதைத் தள்ளுகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அழகாக எழுதியிருக்கிறாய், படிக்கிறவர்களுக்கு ஊரைப் பார்க்க ஆசை வருகிறது, எனக்கோ உன்னைப் பார்க்க வேண்டும் என்று வருகிறது. வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துத் தள்ளாதே. வெயிலில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள். கண்ட குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே, உனக்கு உடனே தொண்டை கட்டும்.

ரயில்வே பாஸுக்கு எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். அம்மாதான் அனுப்புகிறாள், நீங்களே நேர்ல போயி காதப் புடிச்சி இழுத்துக்கினு போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண வைங்க என்று. நானும் அதற்காகத்தான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 9ஆம் தேதி சனிக்கிழமை இரவு சென்ட்ரலில் பம்பாய் மெயில் ஏறுகிறேன். திங்கட்கிழமை வந்து சேர்ந்து என்னோடு கேபினில் வேலை பார்த்த ஒருவருடைய தம்பி வீட்டில் தங்கிக்கொள்வேன். மாட்டுங்காவில் உன் ரூமுக்கு நேரே வந்து கூட இருக்கும் பையன்கள் முன்னால் உன்னை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, நீ எழுதிய அந்தச் சித்திர மண்டப வாசலில், கதவு திறக்கும் நேரத்துக்கு நிற்பேன். உனக்கு ஆபீஸ் இருந்தால் நீ வர முடியாது, வரவும் வேண்டாம், என்னைத் தேற்றுவதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. ஒரு மணி வரை பார்ப்பேன், பிறகு சாயங்காலம் மாட்டுங்காவுக்கு வந்து சந்தேகப்பட்டதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வேலை இல்லை என்றால் வா. எப்போது போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்க மாட்டேன். உனக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து சேருவோம், தை பிறந்தபின் வேறு வேலை பார்க்கலாம்.

அம்மாவுக்கு உடனே தனியாக ஒரு கார்டு போடு. பூசைக்குப் போகிறேன் என்று எழுது, போய்விட்டு எழுது, அதையாவது நான் மாற்றாமல் படிக்க வேண்டும். தேவமாதா உன்னைக் காப்பாளாக. அம்மா தன் கையால் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள். நான் இத்தனை வருஷத்தில் வராத வண்டிக்காக எத்தனையோ நாள் கேபினில் எரிச்சலோடு காத்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நீ வராமல் நான் ஏமாந்து நிற்க வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டு வேண்டிக்கொள்கிறேன், ஆனாலும் உனக்கு வர வேண்டியிருந்தால், மகனே, தயங்காமல் வந்துவிடு.

உன் அப்பா
சூசைமுத்து