டர்பைன் பாடம்

இன்று காலை அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன். கையில் வாடை. இதை இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்தால் ஜெட் பறக்கும் என்பாய். தேநீர் வைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளவத்தை லொட்ஜில் நம் இருவருக்கும் ஒரே அறை. நீ விமான என்ஜின் திருத்தும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வகுப்பில் எழுதிய கொப்பி ஒன்றுதான் உன்னிடம் இருந்த புத்தகம். என்ஜினுக்குள் வரும் காற்றில் பெரும்பங்கு நெருப்புக்குள் போவதில்லை, சுற்றிக்கொண்டு பின்னால் போகிறது, விமானத்தைத் தள்ளுவதும் பெரும்பாலும் அதுதான் என்றாய். நான் நம்பவில்லை.

"நீ கவிதை எழுது மச்சான். காத்தை என்னட்டை விடு."

பரீட்சைக்கு மூன்று நாள். அனுமதி அட்டை எடுக்க நீ நுகேகொடைக்குப் போயிருந்தாய். பொலிஸ் அறை அறையாகப் பார்த்து வருவதாகக் கீழ்மாடியில் சொன்னார்கள். சண்டைக் காலம், தமிழ்ப் பெடியன்களின் அறை. உன் கொப்பிக்குள் ஜெட் என்ஜினின் படங்கள். கொப்பியைக் கிழித்து அடுப்பில் எரித்தேன்.

வந்தார்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்தார்கள். போனார்கள். ஐந்து நிமிடம்.

நீ திரும்பி வந்ததும், கொப்பியை அவர்கள் கொண்டுபோய்விட்டதாக உன்னிடம் பொய் சொன்னேன். நீ சட்டை மாற்றினாய். பாடக் கொப்பிதானே, விளங்கப்படுத்தினால் தருவார்கள் என்று பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டாய். காலி வீதிவரை உன் பின்னால் வந்தேன்.

"போகாதை. நான்தான் எரிச்சனான்."

ஒரு பஸ் நின்று போனது.

"விசரா, நான் அங்கை போயிருந்தா?"

அறைக்குத் திரும்பினோம். புதுக் கொப்பி ஒன்றில் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாய். டர்பைனைக் குளிர வைக்கும் பாடம் மட்டும் வரவில்லை. அதற்கு நான்கு பக்கம் வெறுமையாக விட்டு, அடுத்த பாடத்தை எழுதினாய்.

பரீட்சையில் தவறினாய். ஒழுங்காகப் படிக்கவில்லை என்றாய். பிறகு வளைகுடாவில் ஒரு விமான நிலையம், பெட்டி ஏற்றும் வேலை. போன மாதம் அங்கேயே உன் இதயம் நின்றது. கொட்டாஞ்சேனையில் உன் அக்காவைப் பார்க்கப் போனேன்.

"பெரிய கேள்வியே அந்தப் பாடத்திலதானாம் தம்பி. உம்மட்டைச் சொல்ல வேண்டாமெண்டவன்."

அந்தப் பாடத்தை நூலகத்தில் தேடிப் படித்தேன். எரிந்து வரும் வாயுவின் சூடு, டர்பைன் பிளேட்டின் உலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. எரிவதற்கு முன்பே பிரித்தெடுத்த காற்று, பிளேட்டுக்குள் குடைந்த வழிகளில் ஓடுகிறது. நுண்ணிய துளைகளால் கசிந்து, மேலே மெல்லிய போர்வையாகப் படிகிறது. அதற்குள் உலோகம் உருகாமல் சுழல்கிறது.

நான்கு பக்கம் தேவையில்லை மச்சான். ஒன்று போதும். எனக்கு மனப்பாடம்.