காது கொடுக்காத பதில்கள்

மார்ச் 4, செவ்வாய்

சென்ட் இன்றும் என் மேசையோரம் சாய்ந்து நின்று பேசினார். எங்கள் பிரிவின் தலைவர். அவர் வந்து போன பின்பும் போகாத வாசனைக்காக நான் மனத்துக்குள் வைத்த பெயர் அது. விரலை நாக்கில் தொட்டு என் அச்சுத் தாள்களைப் புரட்டினார். அவர் போனதும் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அச்செடுத்தேன்.

நாங்கள் சோதிக்கும் கருவிகள் யாருக்கும் சொந்தமில்லாத அலைவரிசையில் பேசுகின்றன. ஊரார் வைஃபை எல்லாம் அங்கேதான். அதனால் ஒரே ஒரு மரியாதை: பேசுமுன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும், பேசினால் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். எங்கள் தலைவலி, தகவல் அனுப்பும் நிலையத்துக்குக் கருவி திருப்பி அனுப்பும் பதில். ‘வந்தது’, ‘வரவில்லை’ — அவ்வளவுதான் அதில். காற்று காலியாகும்வரை காத்திருந்து அது தாமதமானால், அனுப்பியது தொலைந்ததென்று நினைத்து நிலையம் எல்லாவற்றையும் மறுபடி அனுப்புகிறது. வேகம் படுத்துவிடுகிறது.

“ரெண்டு எழுத்து பதிலுக்கு எதுக்குங்க காது கொடுக்கணும்? கேக்காமலே அனுப்பட்டும்” என்கிறார் சென்ட்.

சின்னப் பதிலைக் கேட்காமலே அனுப்ப விதியில் சலுகை உண்டுதான். ஆனால் ‘பதில்’ என்று பெயர் ஒட்டி இவர் அதற்குள் திணிக்கச் சொல்வதெல்லாம் பதிலா?

மார்ச் 5, புதன்

சென்ட்டிடம் என் யோசனையைச் சொன்னேன். காற்றைப் பிடித்த நிலையமே, தன் பேச்சு முடிகிற இடத்தில் பதிலுக்கென்று ஓர் இடைவெளி விடட்டும். அதுவும் தவறினால், சற்றுத் தள்ளி இன்னோர் இடம். யாரையும் மிதிக்க வேண்டியதில்லை.

“அருமை. நம்ம கருவியப் பாக்க விசிட்டர்ஸ் இருபதாம் தேதி வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்.”

மதியம் கருவிகளின் காதை அடைத்துவிட்டார்கள். வேகம் எகிறியது. கைதட்டினார்கள். கேக் வந்தது. சென்ட் க்ரீம் வழிந்த விரலோடு ஒவ்வொருவர் முதுகிலும் தட்டிக்கொண்டே வந்தார். கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அந்த அறைக்குள் நுழையவே குமட்டுகிறது.

மார்ச் 10, திங்கள்

கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் மேற்பார்வையாளர் ஏறி வந்தார். என்னைவிட இளையவர்.

“மேடம், உங்க மாடியில புதுசா ஏதாவது ஓடுதா? எங்க ஹெட்செட் எல்லாம் வயர் இல்லாதது. ஒரு பொண்ணுக்கு மட்டும் பாதியிலயே கட் ஆகுது. கஸ்டமர் கோவப்பட்டா இவளே கட் பண்றான்னு எங்க மேனேஜர் சொல்றார். இந்த வெள்ளிக்கிழமையோட அனுப்பிடுவாங்களாம்.”

சென்ட் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். “எங்க பக்கம் எல்லாம் பக்கா. உங்க பொண்ணுக்குப் பொறுமை பத்தல போல.” சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

சே.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கீழே போனேன். சந்தேகப்பட்டபடியே, அந்தப் பெண்ணின் இருக்கை எங்கள் ஆன்டெனாவுக்கு நேர் கீழே. நடுவில் ஒரு தளம், அதன் கீழ் ஒரு பொய்க்கூரை, அவ்வளவுதான். மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருப்பதால் தப்பித்தார்கள்.

“நான் கட் பண்ணலக்கா. திட்டு வாங்கறதுக்குத்தான் சம்பளமே தர்றாங்க. அத எதுக்கு நானே கெடுத்துக்கப் போறேன்?”

ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தாள், ஊதினாள், மறுபடி மாட்டினாள். தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

இரவு வீட்டில் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உன் தலையில எழுதியிருக்கா? யாரோ ஒரு பொண்ணு. இந்த வயசுல உனக்கு யாரு வேற வேலை தருவா?”

கணக்கு சரிதான். அதுதான் எரிச்சல். இருபத்திரண்டு வருடமாக இவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

செய்துவிட்டேன்.

கீழே அவள் ஒரு சோதனை அழைப்பில். பக்கத்தில் அவர்கள் மேனேஜர் இன்னொரு ஹெட்செட்டில். மேற்பார்வையாளர் கைபேசியில் என்னோடு. மேலே நான் விசைப்பலகையில்.

பதில்கள் கேட்காமலே போகும்படி விட்டேன். “இப்ப?”

“விட்டு விட்டு கேக்குது மேடம்... போச்சு, கட் ஆயிடுச்சு.”

கேட்டுவிட்டு அனுப்பும்படி மாற்றினேன். “இப்ப?”

“சுத்தமா இருக்கு.”

மறுபடி. மறுபடி. கடைசியில் மேனேஜரே கைபேசியை வாங்கினார். “போதும் மேடம். புரிஞ்சுபோச்சு.” குரலில் வெட்கம் இருந்ததா? இருந்ததாக எனக்குப் படவில்லை.

திரும்பினால் சென்ட். வாசனை முன்னாலேயே வந்திருக்க வேண்டும், நான்தான் கவனிக்கவில்லை.

“என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“காது கொடுக்கறேன் சார்.”

மார்ச் 14, வெள்ளி

“நமக்குள்ளயே முடிச்சிருக்கலாம்” என்றார் சென்ட், மிக மிருதுவாக. கீழ்த்தளத்து மேனேஜர் கட்டட நிர்வாகத்துக்கே போய்விட்டாராம். அதனால் என் இடைவெளி யோசனை திடீரென்று ‘நம்ம’ யோசனை ஆகிவிட்டது. அதைச் செய்ய வேறு இருவர். எனக்குப் பழுதான பழைய கருவிகளைக் கழித்துக்கட்டும் வேலை. பேசும்போது என் தோளில் கை வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஊறப் போட்டேன்.

கீழே அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. “சரி, வேலையைப் பார்” என்றார்களாம்.

மார்ச் 20, வியாழன்

பார்வையாளர்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று எனக்குச் செய்தி. கதவு வழியே சென்ட்டின் குரல் மட்டும் கேட்டது: “பக்கத்துல இருக்கறவங்களுக்கு இடம் விடறதுதான் ஆரம்பத்துலேர்ந்தே எங்க கொள்கை.” ஒன்றிரண்டு பேர் ‘ஆஹா’ என்றார்கள். உள்ளே எல்லாக் கருவிகளும் ஓடிக்கொண்டிருந்தன, இப்போது என் இடைவெளியோடு.

கீழே இறங்கிப் போனேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உபரி ஹெட்செட் ஒன்றைக் கொடுத்தாள். எங்கோ ஒருவர் தன் பில்லுக்காக அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். படித்தவளா நீ, உன் மேலதிகாரி செத்துப்போயிட்டானா, உங்களையெல்லாம் யார் வேலைக்கு வெச்சது. ஒரு சொல்கூட உடையவில்லை. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவராக ஓய்ந்து, அவராகவே வைத்தார்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

“முழுசா திட்டிட்டாருக்கா” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.