ஐந்தாவது கோலுக்குப் பிறகு

அன்புள்ள அப்பா,

நம் ஊர் கப்புஸ்கேசிங்கிலிருந்து பத்து மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்த நீங்கள், எனக்கு ஐந்தாவது கோல் விழுந்ததும் எழுந்து போனதை வலைக்கு முன்னால் நின்றபடியே பார்த்தேன். அதனால் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஐஸ் ஹாக்கி வட்டு சும்மா சறுக்கி வந்தது. அதைத் தடுத்ததற்கு அரங்கமே எழுந்து கைதட்டியது, கேலியாக. பயிற்சியாளர் பெல்ரோஸ் என்னை வெளியே வரச் சொல்லிக் கையை ஆட்டினார். மாற்று கோல்கீப்பர் மோட் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூடக் கை தூக்காமல் பட்டம் வாங்கியவள் நான். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

தடுப்பாட்டக்காரி நொயேமி சறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "ஏண்டி, காது அடைச்சுப்போச்சா? அவர் கூப்பிடுறாரு."

"கேக்குதுடி. வரமாட்டேன்னு சொல்லு."

"நானா? என்னைக் கடிச்சே தின்னுடுவாரு!"

அதற்குள் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். அதன்பின் எதிரணியினர் இருபத்திரண்டு முறை அடித்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஐந்துக்கு இரண்டு என்று தோற்றோம்.

"திமிருக்கு மூணு ஆட்டம் பெஞ்சுல உக்காரு" என்றார் பெல்ரோஸ். உட்காருவேன், முழுக் கவசத்தோடு.

ஊர் ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை கேட்டு வைத்திருக்கிறீர்களாம். அம்மா சொன்னாள். நம் வீட்டின் முதல் பட்டதாரி அடி வாங்கிப் பிழைக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள். புரிகிறது. உங்களைக் கேட்காமல் இன்று காலையே ஆலைக்கு எழுதிவிட்டேன்: நன்றி, எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

உங்கள் மகள்,
கோல்கீப்பர்