சுவரைப் பார்த்த நாற்காலி

நவம்பர் 3, திங்கள்
மணிக்கட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து இன்று கோஸ் ஊறுகாய் போடும் எங்கள் கிம்ச்சி ஆலைக்குத் திரும்பினேன். மசாலா தடவும் மேசையில் என் இடத்தில் புதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கையுறைகூட என்னுடையது. கோஸ் மலையாய் வந்து குவிகிற மாதம். ஆள் தேவை என்று வாசலில் பலகை வேறு. எனக்கு மட்டும் வேலை இல்லையாம். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் நடையில் மேனேஜர் பெக் ஒரு நாற்காலி போட்டார், சுவரைப் பார்த்தபடி. "உக்காருங்கம்மா. வேலை வந்தா கூப்பிடுறேன்." சுவருக்கு வெள்ளையடித்து நாளாகிறது.

நவம்பர் 4
பெக் ஒரு தாளை நீட்டினார். சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று அவரே அடித்து வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் என் பாடு. கண்ணாடி கொண்டு வரவில்லை, படிக்க முடியவில்லை என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

சாயங்காலம் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த பெண் சொன்னாள்: "வேலை செஞ்சு கெட்டுப்போன கை, பாட்டி. அவங்க இஷ்டத்துக்கு உங்களை அனுப்பிட முடியாது. ஆனா நீங்களா எழுதிக் குடுத்துட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அட, இதற்குத்தான் நாற்காலியா. உட்காருவதில் என்னை ஜெயிக்க முடியுமா அவரால்?

நவம்பர் 6
சுவரில் ஒரே ஒரு விரிசல். அதற்கு பெக் என்று பெயர் வைத்தேன்.

நவம்பர் 10
சுவர் அலுத்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பெக்குக்குத் தோன்றாதது ஒன்று உண்டு: வயதானவள் ஒருத்தி நடையில் உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் யாரால் பேசாமல் தாண்டிப் போக முடியும்? ஒவ்வொருவரும் நின்று, குனிந்து, சாப்பிட்டீங்களா அக்கா, கை எப்படி என்று கேட்டாக வேண்டும். மணி அடித்த பிறகும் பாதிப் பேர் என் முன்னால்தான். புத்தாண்டு வணக்கம் வாங்குகிற மகாராணி மாதிரி இருக்கிறேன். நாற்காலிக்குக் கீழே ஆரஞ்சுப் பழம் குவிகிறது. பெக்கும் தாண்டும்போதெல்லாம் குனிகிறார். கழுத்து வலிக்கட்டும்.

நவம்பர் 12
மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஒக்புன் இன்று பழத்தை இடக்கையால் நீட்டினாள். பெரியவளுக்கு ஒற்றைக் கையால், அதுவும் இடக்கையால் கொடுக்கிறவள் இல்லை அவள். வலத்தோள் எழும்பவில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்றேன்.

"பாத்துட்டு வந்து உன் பக்கத்துல நானும் ஒரு நாற்காலி போட்டுக்கவா அக்கா?"

அப்போதுதான் புரிந்தது. பாவி பெக்! இது எனக்குப் போட்ட நாற்காலியே இல்ல. இவளுங்க எல்லாரும் பாத்துப் பயப்படட்டும்னு போட்டது. நான் எழுந்து வீட்டுக்குப் போனா, இவ தோள் கழண்டு விழுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா.

நவம்பர் 17
முதலாளி வெளியூர் வியாபாரிகளைக் கூட்டி வந்தார். முன்னால் வந்த நரைத்த தலைக்காரர் என்னைப் பார்த்ததும் இடுப்பு வளைய வணங்கினார். "முதலாளியோட அம்மாங்களா?"

"இல்லைங்க. மசாலா மேசையில வேலை செய்யுற மல்சுன். கை ஆபரேஷன் முடிஞ்சு வந்தேன், வேலை செய்யலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மேனேஜர் இந்தச் சுவரைப் பாத்துக்கச் சொல்லியிருக்காரு. பாத்துக்கிட்டிருக்கேன்."

முதலாளி முகம் உப்பில் ஊறிய கோஸ் போலத் தொங்கிவிட்டது. பெக் தன் செருப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18
காலையில் தொழிலாளர் அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்தது. மதியம் பெக் வந்தார். நாளை முதல் என் இடத்துக்கே போகலாமாம். ஓய்வு கொடுக்கத்தான் உட்கார வைத்தாராம், நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனாம். எவ்வளவு நல்ல மனசு. அந்த ஓய்வு அவருக்கும் சீக்கிரம் கிடைக்கட்டும்.

நவம்பர் 24
கை இன்னும் கொஞ்சம் கடுக்கிறது. புதுப் பெண் இப்போது எனக்கு இடப்பக்கம். கை வேகம், வாய் அதைவிட.

ஒக்புனுக்கு இன்று தோளில் அறுவைச் சிகிச்சை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவள் கையுறை கொக்கியில் தொங்குகிறது. புதுப் பெண் தன்னுடையது கிழிந்துபோனதால் அதை எடுக்கப் போனாள்.

"அதை விடு," என்றேன். "ஆள் திரும்பி வருவா."