முதல் மேஜை, இரண்டாவது நாற்காலி

மார்ச் 4, வெள்ளி

இன்றும் கிளப்பில் பாட்டுக்கு நடுவில் பூனை கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். இடைவேளையில் வந்து, "அண்ணே, கிட்டாரைக் கொஞ்சம் குறைங்க" என்றான். சவுண்ட் மிக்ஸர் பார்க்கிற அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்தவன் நான்தான். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

என் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பை ஆறிலிருந்து ஐந்துக்கு இறக்கினேன். அவன் முதுகைக் காட்டியதும் மறுபடி ஆறு. பின்னே? ஐந்தில் வைத்தால் எனக்கே சரியாகக் கேட்பதில்லை. காலடியில் இருக்கிற பெட்டியிலிருந்து கம்பளிக்குள் பேசுகிற மாதிரி மந்தமாக வருகிறது. அதனால் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளையும் முக்கால்வாசி ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்குப் போய்க் காதைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்!

இன்னொன்று. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை என்றால் என் மனைவிக்கு முதல் மேஜை, இரண்டாவது நாற்காலி. கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். இன்று போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். கேட்டால், "அங்கதாங்க காத்து வருது" என்கிறாள்.

மார்ச் 6, ஞாயிறு

ஏசி போட்ட ஹாலில் என்ன காற்று?

மார்ச் 9, புதன்

சாயங்காலம் கடைக்குப் போய் வந்தேன் என்றாள். கையில் ஒரு பையும் இல்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் — தெருமுனையில் அவளை இறக்கிவிட்டுப் போனது என் மச்சினனின் பைக். வீட்டு வாசல் வரைக்கும் வராமல் ஏன் முனையிலேயே திரும்பினான்?

மச்சினன்தான் எங்கள் குழுவில் ட்ரம்ஸ். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்பதெல்லாம் அவன் சொல்வதுதான். போன மாதம்கூட இன்னொரு கிட்டார்காரனைப் பற்றிப் போனில் ஆஹா ஓஹோ என்று பேசிக்கொண்டிருந்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்து எனக்கு எப்படிச் சொல்வது என்று பார்க்கிறார்களோ? ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு கிடக்கிறேன் என்றால் இந்த ஒரு வெள்ளிக்காகத்தான். அது அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 11, வெள்ளி

நான்கு மணிக்கே சவுண்ட் செக். நான் உள்ளே நுழையும்போது அவளும் பூனையும் மிக்ஸர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டென்று பேச்சு நின்றது. "என்னடா விஷயம்?" "ஒண்ணுமில்லண்ணே, அண்ணி சும்மா கேட்டாங்க." சும்மா கேட்கிற பேச்சுக்கு ஏன் முகம் வெளிறுகிறது?

அவள் இன்றும் கதவோரம்தான்.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டினேன். ஹால் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொண்டுபோக என் ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் நிற்கிறதே, அதிலிருந்து போகிற வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ட்ரம்ஸ் பின்னால் திரும்பி, திரைச்சீலைக்கு அடியில் முடிந்துவிட்டது. முனை எதிலும் செருகப்படவில்லை. சும்மா தரையில் கிடக்கிறது!

அப்படியானால் அந்த மைக் சோளக்கொல்லைப் பொம்மை. எத்தனை வாரமாக? யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வயரைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, சனி

என்னை என்ன இளிச்சவாயன்னு நெனச்சுட்டாங்களா? எல்லாரும் சேந்து தலையில மிளகா அரைக்கிறாங்க. கட்டுன பொண்டாட்டியுமா? சோறு போடும்போது முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி ரசம் வேணுமா என்கிறாள்.

மார்ச் 16, புதன்

மறுபடியும் புதன். மறுபடியும் "கடைக்கு." மச்சினனுக்குப் போன் போட்டேன். "வீட்ல தூங்கிட்டு இருக்கேன் மாமா" என்கிறான், பின்னால் பஸ் ஹாரன். அவன் வீட்டுக் கூடத்தில் பஸ் ஓடுகிறது போலும்.

சரி. மைக்கைப் பிடுங்கினால் என் சத்தத்தை அடக்கிவிடலாம் என்று நினைப்பு. வெள்ளிக்கிழமை எட்டில் வைக்கிறேன். பார்த்துவிடலாம் ஒரு கை.

மார்ச் 18, வெள்ளி

எட்டில் வைத்தேன். இரண்டாவது பாட்டில், நான் மேல்ஸ்தாயிக்கு ஏறிக் கடைசிச் சுரத்தைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில், அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு ஆடிக்கொண்டிருந்தது மட்டும்தான் தெரிந்தது.

பூனையின் சட்டையைப் பிடித்தேன். அவன் அசரவில்லை. "ஆமாண்ணே, வயரை நான்தான் புடுங்கினேன், ரெண்டு மாசம் ஆச்சு. உங்க பெட்டிலேர்ந்து வர்றதே கடைசி மேஜையைத் தாண்டுது, அதுக்கு மேல நான் எதை ஏத்துறது? சொன்னா நீங்க கேக்கவா போறீங்க?" பொய் என்றேன். எனக்கே கேட்காதது கடைசி மேஜைக்கு எப்படிப் போகும்? "நாளைக்கு மூணு மணிக்கு வாங்க, காட்டுறேன்."

வீட்டில் அவள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும்.

மார்ச் 19, சனி

போனேன். மச்சினனும் இருந்தான், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று அப்போதும் நினைத்தேன்.

வாசித்ததையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற பெடல் ஒன்று என்னிடம் உண்டு. என்னைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லி, அதை ஓடவிட்டான் பூனை. எட்டுகூட இல்லை, நான் வழக்கமாக வைக்கிற ஆறுதான். "இப்ப கீழ வந்து உக்காருங்க." முதல் மேஜை, இரண்டாவது நாற்காலி.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது. நான் நினைப்பதற்கு முன்னால் என் கை போய் இடது காதைப் பொத்திக்கொண்டது.

மேடை இரண்டடி உயரம். அதன்மேல் ஆம்ப். எனக்கு அது முழங்காலுக்குக் கீழே. உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேர் காதுக்கு எதிரே. எனக்கு வரவில்லையே என்று நான் ஏற்றிய ட்ரெபிள் எல்லாம் நேராக அந்த ஒரு நாற்காலிக்குப் போயிருக்கிறது. மூன்று வருடம். வாராவாரம்.

மச்சினன் பெடலை நிறுத்தினான். "மாமா, அக்காவுக்கு இடது காதுல ரெண்டு மாசமா ஒரே விசில். புதன்கிழமை காது டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நீங்க வாசிக்கிறதையே விட்டுருவீங்களாம். சத்தியம் வாங்கிட்டா."

பூனையிடம் அன்றைக்கு அவள் கேட்டது, ஹாலில் எங்கே உட்கார்ந்தால் சத்தம் குறைவாக இருக்கும் என்பதுதானாம்.

மார்ச் 20, ஞாயிறு

"விசில்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கீரை கிள்ளிக்கொண்டிருந்தவள் முதலில் தம்பியைத் திட்டினாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க மேல போய்க் கடைசியா ஒண்ணைப் புடிச்சு நிறுத்துவீங்கல்ல, அது முடியாமயே இருக்கிற மாதிரி."



மார்ச் 25, வெள்ளி

ஆம்பை நாற்காலியில் ஏற்றி, என் முகத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். இரண்டிலேயே காதைக் கடிக்கிறது. ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். பூனை வயர் முனையை என் கண் முன்னால் செருகிக் காட்டினான். அவன் போனதும் நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். புத்தி உடனே மாறுமா?

அவள் கதவோரம். கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 6, புதன்

லீவு போட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். இடது காது விசில் இனி குறையும் என்று சொல்வதற்கில்லை, பழகிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். பதினெட்டு நாளாக உள்ளேயே கிடந்தது அங்கே ஒருவழியாக வெளியே வந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளை நம்பாமல் மாடியில் நின்று பார்த்ததையும் சேர்த்து, எல்லாவற்றையும். மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன். அவள் பேசாமல் நின்றாள். மன்னிக்கவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏதாவது சொன்னீங்களா? இந்தக் காதுல விழலைங்க."

சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.