தலையணைக்கடியில் எண்ணெய்ப் புட்டி

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அலுவலகத் தோழியோடு காரில் ஊர் சுற்ற வந்து, காட்டோரம் கூடாரம் போட்டோம். கரடிக்குப் பயந்து சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டினேன். நீ காய்ச்சி அனுப்பிய தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். அந்த வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

காலையில் இருவரும் பல் துலக்கிவிட்டுத் திரும்பினால், கூடாரம் கிழிந்து கிடக்கிறது. உள்ளே என் தலையணையைக் கரடி குதறிக்கொண்டிருக்கிறது!

வனக்காவலர் சத்தம் போட்டு அதை விரட்டினார். “வாசனைக்குக் கரடி வரும், சோப்புகூட உள்ள வைக்கக்கூடாதுன்னு சொன்னேனேக்கா!”

“இன்னும் ரெண்டு நிமிஷம் தூங்கியிருந்தா, கரடியே உனக்குத் தலை வாரிவிட்டிருக்கும்டி” என்றாள் தோழி. நானும் சிரித்தேன். உன் எண்ணெய்தான் முழுக்கக் கொட்டிப்போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லாதே. உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு, போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். தோழி ஹாரன் அடிக்கிறாள்.

உன் மகள்